கண்மாய்க்குள் எந்தப் பச்சை? வேட்டங்குடி வரைபடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரிலிருந்து மேலூர் போகும் வழியில், செட்டிநாட்டின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். 1977இல் அறிவிக்கப்பட்டது. பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்கள். எல்லாம் சேர்த்து 38.4 ஹெக்டேர், ஏறக்குறைய 95 ஏக்கர். கூட்டில் இருக்கும் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்க்காரர்களைப் பற்றி நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அந்த ஊர் இதுதான்.

இப்படிப் பாதுகாக்கப்பட்ட ஒரு நீர்நிலையில் மரம், செடி, தண்ணீர், சுற்றியுள்ள நிலம் எல்லாம் எப்படி மாறி வந்திருக்கிறது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து வரைபடம் போட நினைப்பவர்கள் அதிகமாகி வருகிறார்கள். காரைக்குடிப் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள், ஆயக்கட்டு (கண்மாய்த் தண்ணீர் பாயும் வயல்கள்) விவசாயிகள், ஊருணியைப் பராமரிக்கும் குழுவினர் எனப் பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளம். அந்த இடங்களில்தான் பெரும்பாலான வரைபடங்கள் தவறிப் போகின்றன.

படத்தில் பச்சை கூடியிருந்தால் கண்மாய் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

அப்படி எடுத்துக்கொள்ளவே கூடாது. வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். நிறைந்த கண்மாய் படத்தில் கறுப்பாகவோ கருநீலமாகவோ தெரியும். பச்சை அங்கே கொஞ்சம்தான். அதே கண்மாய் சில வருடம் பெருகாமல் கிடந்தால் உள்வாய் (தண்ணீர் தேங்கும் உட்பகுதி) முழுக்கச் சீமைக்கருவேலம் ஏறிவிடும். மேலிருந்து பார்த்தால் நல்ல செழிப்பு. பச்சை கூடியிருக்கும், கண்மாய் போயிருக்கும்.

நம் பக்கத்துக் கண்மாய்களுக்குள் பச்சையாகத் தெரிபவை பல. தண்ணீரில் நின்றபடியே கூடுகளைத் தாங்கும் நாட்டுக் கருவேல மரங்கள், தாமரை, அல்லி இலைகள், கரையோரக் கோரை, சம்பு, வரத்துக் கால்வாயின் வாயை அடைத்து நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு, தண்ணீர் வற்றியதும் ஈரச் சேற்றில் முளைக்கும் புல். இவற்றில் சில பறவைக்கு வீடு, சில தீனி, சில தொல்லை. எல்லாவற்றையும் ‘தாவரம்’ என்று ஒரே நிறத்தில் அடித்துவிட்டால் அந்த வரைபடத்தால் யாருக்கும் உபயோகமில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. ராஜஸ்தானில் பரத்பூரின் கேவலாதேவ் பூங்காவில் 1982இல் மேய்ச்சலைத் தடை செய்தார்கள். மேய்வதற்கு எருமை இல்லாமல் போனதும் நீரில் வளரும் ஒரு வகைப் புல் மண்டி, வாத்துகள் நீந்தித் தீனி தேடும் திறந்த நீர்ப்பரப்பைச் சுருக்கிவிட்டது. கோஸ்டா ரிகாவில் பாலோ வெர்தே என்றொரு வெப்பமண்டலச் சதுப்புநிலம் இருக்கிறது. 1991 முதல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் பட்டியலில், உள்ள இடம். அங்கேயும் மாடுகளை வெளியேற்றிய பிறகு சம்பு ஏறித் தண்ணீரை மூடியது. டிராக்டரை விட்டுச் சம்பை நசுக்கித்தான் நீர்ப்பரப்பை மீட்க வேண்டியிருந்தது. இரண்டு இடத்திலும் பச்சை பெருகப் பெருகப் பறவை குறைந்தது.

எந்தச் செயற்கைக்கோள் படத்தை எடுப்பது?

இலவசமாகக் கிடைப்பவற்றில் இரண்டு முக்கியம். அமெரிக்காவின் லேண்ட்சாட் வரிசை 1972இல் தொடங்கியது. முதலில் ஒரு பிக்சல், அதாவது படத்தின் மிகச் சிறிய கட்டம், ஏறக்குறைய 80 மீட்டர். 1980களில் 30 மீட்டராக வந்தது. பழைய படங்கள் உட்பட எல்லாமே 2008 முதல் காசு இல்லாமல் கிடைக்கின்றன. ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் 2015 முதல். பிக்சல் 10 மீட்டர். நாற்பது வருட மாற்றம் வேண்டுமென்றால் லேண்ட்சாட்டை விட்டால் வழியில்லை. இந்தப் பத்து வருடம் போதுமென்றால் சென்டினல்.

வேட்டங்குடி மாதிரி சின்ன இடத்தில் இந்தத் தேர்வு எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 மீட்டர் படத்தில் ஒரு பிக்சல் 900 சதுர மீட்டர். சரணாலயம் முழுவதற்கும் 427 பிக்சல்கள்தான் வரும். மூன்று கண்மாய்க்குச் சமமாகப் பங்கிட்டால் ஒன்றுக்குச் சுமார் 140. கண்மாயைச் சதுரமாக வைத்துக்கொண்டால் பக்கத்துக்கு 12 பிக்சல், ஓரத்தில் விழுபவை மட்டும் 44. இந்த ஓரப் பிக்சல்களில் பாதி தண்ணீர், பாதி கரை மரம். ஆக, கண்மாயில் மூன்றில் ஒரு பங்கு எதுவென்று உறுதியாகச் சொல்ல முடியாத கலவை. 10 மீட்டர் படத்தில் மொத்தம் 3,840 பிக்சல். ஓரக் கலவை கண்மாயின் பரப்பில் ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். உண்மையான கண்மாய் சதுரமாக இருக்காது, நெளிந்து வளைந்து இருக்கும்; எனவே கலவை இன்னும் கூடும்.

அதனால் லேண்ட்சாட்டை வைத்துக்கொண்டு ‘நீர்ப்பரப்பு 4 சதவீதம் குறைந்தது’ என்று யாராவது வேட்டங்குடிக்கு எழுதினால் நம்பாதீர்கள். அந்த அளவு மாற்றத்தை அந்தப் படத்தால் காட்டவே முடியாது.

இஸ்ரோவின் புவன் தளத்தையும் பாருங்கள். 2005-06, 2011-12, 2015-16 ஆகிய மூன்று சுற்றுக்கான நிலப்பயன்பாட்டு வரைபடங்கள் 1:50,000 அளவில் அங்கே இருக்கின்றன. சரணாலயத்தின் உள்ளே பார்க்க அவை போதாது. சுற்றுவட்டாரத்தைப் புரிந்துகொள்ள நல்ல தொடக்கம்.

என்.டி.வி.ஐ. என்கிறார்களே, அது என்ன?

இலை சிவப்பு ஒளியை விழுங்கும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். இந்த இரண்டின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது என்.டி.வி.ஐ. தழைத்த மரத்தில் அகச்சிவப்பு 0.40, சிவப்பு 0.05 என்று வைத்துக்கொண்டால் 0.35 வகுத்தல் 0.45, அதாவது 0.78. காய்ந்த செம்மண்ணில் 0.28, 0.22 என்றால் 0.12. தண்ணீரில் சிவப்பை விட அகச்சிவப்பு குறைவு என்பதால் பூஜ்யத்துக்குக் கீழே போகும்.

இது பச்சையின் அளவைச் சொல்லும். எந்தப் பச்சை என்பதைச் சொல்லாது. ஆகாயத்தாமரையும் நெல்லும் கருவேலமும் ஒரே எண்ணைக் காட்டலாம். என்.டி.வி.ஐ. படத்தை மட்டும் அச்செடுத்து ‘தாவர வரைபடம்’ என்று தலைப்புப் போடுவது சரியில்லை.

எந்த மாதத்துப் படம் நல்லது?

ஒரு மாதம் போதாது, இரண்டு வேண்டும்: ஜனவரியும் மேயும்.

நம் கண்மாய்கள் ஆண்டு முழுவதும் தண்ணீர் நிற்கும் ஏரிகள் இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் பெருகி, மடை வழியே வயலுக்குப் போய், கோடையில் தரை தட்டும். ஜனவரியில் மேகம் விலகியிருக்கும், கண்மாயில் தண்ணீர் இருக்கும், ஆயக்கட்டில் நெல் இருக்கும், மரங்களில் கூடு இருக்கும். மே மாதத்தில் தண்ணீர் இல்லை, பயிர் இல்லை, புல்லும் கருகியிருக்கும். ஆழ வேர் விட்ட மரங்கள் மட்டும் பச்சையாக நிற்கும்.

இரண்டு படத்தையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால், தனித்தனியாகப் பார்க்கும்போது பிடிபடாத பல விஷயங்கள் பிடிபடும். ஜனவரியில் தண்ணீர், மேயில் வெறும் தரை என்றால் அது உண்மையான நீர்ப்பரப்பு. கண்மாய் கண்மாயாகவே இருக்கிறது. ஜனவரியில் பச்சை, மேயில் தரை என்றால் பயிரோ புல்லோ. இரண்டிலும் பச்சை என்றால் மரம். ஆயக்கட்டுப் பக்கம் என்றால் தென்னையாகவோ தைலமரமாகவோ இருக்கலாம், கண்மாய்க்குள் என்றால் கருவேலமோ சீமைக்கருவேலமோ. இரண்டிலும் தரை என்றால் பொட்டலோ கட்டடமோ. ஜனவரியில் தண்ணீராக இருந்து மேயில் பச்சையாகும் இடங்களைத் தனியாகக் குறித்து வையுங்கள். ஈரத்தில் முளைத்த புல்லாக இருந்தால் அடுத்த மழையில் மூழ்கிவிடும். சீமைக்கருவேலக் கன்றாக இருந்தால் அடுத்த மே மாதமும் அங்கேயே நிற்கும், இன்னும் அடர்த்தியாக. இரண்டு மூன்று மே மாதங்களை வரிசையாகப் பார்த்தால் ஆக்கிரமிப்பு எந்த மூலையிலிருந்து நுழைகிறது என்பது தெரிந்துவிடும்.

பழைய வரைபடத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதாதா?

போதாது, ஆபத்தும் கூட. இந்திய நில அளவைத் துறையின் நிலவரைபடத் தாளில் கண்மாயை நிறை கொள்ளளவில், கரை வரைக்கும் வரைந்திருப்பார்கள். அன்று அங்கே தண்ணீர் நின்றது என்று அதற்குப் பொருளில்லை. அந்தத் தாளை ஏதோ ஒரு கோடைப் படத்தோடு ஒப்பிட்டால் சிவகங்கை மாவட்டத்துக் கண்மாய்கள் எல்லாமே அழிந்துவிட்டதாகத்தான் தெரியும். கண்மாயின் எல்லையை எடுக்க அந்தத் தாள் அருமையானது. தண்ணீர் அளவை அதிலிருந்து எடுக்காதீர்கள்.

செயற்கைக்கோள் படம் இரண்டை ஒப்பிடும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். 2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தை விட 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. அந்த ஜனவரிப் படத்தை நல்ல மழை பெய்த ஒரு வருடத்து ஜனவரியோடு வைத்தால் நீங்கள் அளப்பது மழையைத்தான், நிலம் மாறியதை இல்லை.

அதனால் முதலில் மழைக் கணக்கை எடுங்கள். திருப்பத்தூர் மழைமானியின் அக்டோபர்–டிசம்பர் கூட்டுத்தொகையை வருடவாரியாக எழுதி, ஏறக்குறைய ஒரே அளவு பெய்த வருடங்களை ஜோடி சேருங்கள். 1990களில் ஒரு நல்ல வருடத்துக்கு 2020களில் ஒரு நல்ல வருடம், பஞ்ச வருடத்துக்குப் பஞ்ச வருடம். ஒரே மழைக்கு முன்பு நிறைந்த கண்மாய் இப்போது பாதிதான் நிறைகிறது என்றால் அங்கே விசாரிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது: வரத்துக் கால்வாய் அடைபட்டிருக்கும், வண்டல் சேர்ந்திருக்கும், கலுங்கு (உபரித் தண்ணீர் வழியும் இடம்) உடைந்திருக்கும், மேலே யாராவது தண்ணீரை மறித்திருப்பார்கள்.

இன்னும் பின்னோக்கிப் போக விரும்புகிறவர்களுக்கு ஒரு தகவல்: 1960களில் அமெரிக்கா உளவுக்காக எடுத்த கரோனா செயற்கைக்கோள் படங்கள் 1995இல் வெளியிடப்பட்டன. கறுப்பு வெள்ளைதான். ஆனால் நல்ல படங்களில் தனி மரம் கூடத் தெரியும். சீமைக்கருவேலம் இவ்வளவு பரவாத காலத்துக் கண்மாய் எப்படி இருந்தது என்பதற்கு இதை விட நல்ல சாட்சி கிடைப்பது கஷ்டம். நம் பகுதிக்கு எந்தத் தேதிப் படம் இருக்கிறது என்று தேடுவதில் ஒரு சாயங்காலத்தைச் செலவிடலாம்.

நாட்டுக் கருவேலத்தையும் சீமைக்கருவேலத்தையும் படத்திலேயே பிரிக்க முடியுமா?

படத்தை மட்டும் வைத்து உறுதியாக முடியாது. இரண்டும் சின்னஞ்சிறு இலைகள், இரண்டும் முள், இரண்டும் கோடையில் பச்சையாக நிற்கும். இருந்தாலும் உதவும் தடயங்கள் சில உண்டு.

ஒன்று, இடம். கண்மாயின் ஆழமான உள்வாயில் மாதக்கணக்கில் தண்ணீருக்குள் நின்று தாங்குவது நாட்டுக் கருவேலம். சமூகக் காடுகள் திட்டத்தில் கண்மாய்களுக்குள் நட்டதும் இதைத்தான். சீமைக்கருவேலம் பெரும்பாலும் கரைச் சரிவிலும், நீர் எட்டாத மேட்டிலும், கால்வாய் ஓரத்திலும் புதராக அடையும். இரண்டு, வடிவம். கூகுள் எர்த்தின் கூர்மையான படத்தில் நாட்டுக் கருவேலம் இடைவெளி விட்டு நிற்கும் வட்டக் குடைகளாகத் தெரியும், நிழலும் தனித்தனியாக விழும். சீமைக்கருவேலம் நிழலே பிரியாத ஒரே திட்டு. மூன்று, எச்சம். நாரைகள் கூடு கட்டிய மரத்தின் உச்சி எச்சத்தால் வெளுத்துப் போயிருக்கும். பிப்ரவரி மாதத்துக் கூர்மையான படத்தில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் அது கூட்டு மரம். அங்கே என்.டி.வி.ஐ. குறைவாக வந்தால் மரம் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். மழைக்குப் பிறகு மறுபடி பாருங்கள்.

இன்னொன்றும் நினைவில் இருக்க வேண்டும். 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டு, பிறகு சென்னையில் அதற்கு இடைக்காலத் தடை வந்தது. இடையில் இருந்த அந்தச் சில மாதங்களில் தென்மாவட்டங்களில் ஜேசிபி போட்டு நிறைய வெட்டினார்கள். வேரோடு எடுக்காத இடத்தில் அது மறுபடி தழைத்துவிடும். எனவே 2017இல் பச்சை சரிந்து 2019இல் ஏறினால், அது இயற்கையாக நடந்ததா, வெட்டித் தழைத்ததா என்று ஊரில் விசாரித்துவிட்டு எழுதுங்கள்.

மழைக்காலத்தில் மேகம் மறைக்கிறதே, நவம்பரில் என்ன செய்வது?

சென்டினல்-1 ரேடார் படங்கள் மேகத்தைத் துளைத்துப் பார்க்கும், இரவிலும் எடுக்கும். அமைதியான தண்ணீர் அதில் கறுப்பாக விழும், கண்மாய் எந்த வாரத்தில் பெருகியது என்பதைத் தெளிவாகக் காட்டும். ஒரு சிக்கல் உண்டு. தண்ணீருக்குள் மரம் நின்றால் ரேடார் அலை தண்ணீரிலும் அடிமரத்திலும் பட்டுத் திரும்பி, அந்த இடம் கறுப்பாக இல்லாமல் பளிச்சென்று தெரியலாம். வேட்டங்குடியில் கூட்டு மரங்கள் தண்ணீருக்குள்தான் நிற்கின்றன என்பதால் ரேடார் சொல்லும் நீர்ப்பரப்பு உண்மையை விடக் குறைவாக வரும்.

2022க்குப் பிறகு பச்சை திடீரென்று குறைந்ததாக வருகிறது. காரணம் என்ன?

கண்மாயைச் சந்தேகப்படுவதற்கு முன் கோப்பைச் சந்தேகப்படுங்கள். 2022 ஜனவரி 25க்குப் பிறகு வந்த சென்டினல்-2 கோப்புகளில் ஒவ்வொரு பிக்சலின் எண்ணோடும் 1000 கூட்டிச் சேமிக்கிறார்கள். அதைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும். கழிக்காவிட்டால் முன்பு சொன்ன தழைத்த மரத்தில் 0.40, 0.05 என்பவை 0.50, 0.15 ஆகிவிடும். விடை 0.78க்குப் பதில் 0.54. மரம் அப்படியே நிற்கும், வரைபடத்தில் மட்டும் கால்வாசிக்கு மேல் பச்சை காணாமல் போகும். இணையத்திலேயே செயற்கைக்கோள் படங்களைக் கணக்கிட உதவும் கூகுள் எர்த் எஞ்சினில் இதைச் சரிசெய்த தொகுப்பு தனியாக இருக்கிறது, அதை எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

லேண்ட்சாட்-7 படங்களில் 2003 மே 31க்குப் பிறகு ஒரு கருவி பழுதானதால் கறுப்புக் கோடுகள் விழும். சின்னக் கண்மாயில் ஒரு கோடு விழுந்தாலே பெரிய நஷ்டம். அந்தக் காலத்துக்கு லேண்ட்சாட்-5 கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சரணாலய எல்லைக்குள் மட்டும் வரைந்தால் போதுமா?

போதாது. எல்லைக்குள் வனத்துறையின் பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் தண்ணீர் எல்லைக்கு வெளியிலிருந்துதான் வருகிறது. வரத்துக் கால்வாய்கள், மேலே இருக்கும் சங்கிலிக் கண்மாய்கள், நீர்ப்பிடிப்பு, கீழே ஆயக்கட்டு இவ்வளவையும் சேர்த்தால்தான் கதை முழுமையாகும். பறவைகளும் உள்ளே தங்கி வெளியே மேய்கின்றன. நத்தை குத்தி நாரைக்கு நத்தை வயலில்தான் கிடைக்கும். ஆயக்கட்டு நஞ்சை தரிசாகிப் போனால் சரணாலயம் அப்படியே இருந்தும் பறவைக்குச் சோறு இல்லை.

வெளியே வரையும்போது செட்டிநாட்டுக்கே உரிய இரண்டு சிக்கல்கள் வரும்.

முதலாவது, செம்புறாங்கல் தரை. நம் பக்கத்து வெறும் செம்மண் மேடும் கட்டடங்களும் படத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒளிரும். நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீடுகள் கிட்டத்தட்ட மண்ணின் நிறமே. கணினியிடம் விட்டால் பொட்டல் காட்டையெல்லாம் ‘குடியிருப்பு’ என்று சேர்த்து, காரைக்குடி திருப்பத்தூர் வரை வளர்ந்துவிட்டதாகச் சொல்லும். கட்டடத்தைப் பிரிக்க மே மாதப் படத்தை நம்பாதீர்கள். ஜனவரியில் பொட்டலில் கொஞ்சமாவது புல் இருக்கும், கூரையில் இருக்காது. அப்போது இரண்டும் பிரிந்துவிடும். சாலைகளையும் ஊர் எல்லையையும் கையால் வரைந்து சேர்த்துவிடுவது இன்னும் நல்லது.

இரண்டாவது, தைலமரத் தோட்டங்கள். சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டத்திலும் நிறைய உண்டு. சில வருடங்களுக்கு ஒருமுறை மொத்தமாக வெட்டுவார்கள், அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். வெட்டிய வருடப் படத்தை மட்டும் பார்த்தால் ‘காடழிப்பு’, இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் ‘காடு வளர்ப்பு’. இரண்டுமே இல்லை. அதற்குத் தனி வகை கொடுங்கள். தோட்டங்களில் மழைநீரைத் தேக்க எடுக்கும் வரப்புகளால் கண்மாய்க்கு வரத்து குறைகிறது என்பது புதுக்கோட்டைப் பக்கத்து விவசாயிகள் பல காலமாகச் சொல்லிவரும் புகார். எனவே நீர்ப்பிடிப்பில் தைலமரம் எங்கே நிற்கிறது என்பது உங்கள் வரைபடத்தில் கட்டாயம் இருக்க வேண்டும்.

களத்துக்குப் போகாமல் கணினியிலேயே முடித்துவிடலாமா?

முடியாது.

போகும்போது சில விஷயங்கள். சரணாலயத்துக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும், முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். கூடு கட்டும் காலத்தில் கரையைத் தாண்டி இறங்க வேண்டாம். கரையில் நின்று தொலைநோக்கியில் பார்த்தே பெரும்பாலான மரங்களைச் சொல்லிவிடலாம். நாரைகள் எழும்பிப் பறந்தால் அந்த நேரத்தில் காகம் வந்து முட்டையைக் கொத்திவிடும். ஊர்க்காரர்கள் ஒரு பண்டிகையின் சந்தோஷத்தையே விட்டுக்கொடுத்துக் காப்பாற்றும் பறவைகளை, நாம் ஒரு வரைபடத்துக்காகக் கலைப்பது எந்த விதத்திலும் நியாயமில்லை. ட்ரோனுக்கும் இதே பதில்தான்.

படத்தில் தெரிவது நிலத்தில் எது என்று சரிபார்க்கக் களப் புள்ளி எடுக்கும்போது ஓரத்தில் நின்று எடுக்காதீர்கள். கைபேசியின் ஜி.பி.எஸ். திறந்தவெளியிலேயே மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை தள்ளிக் காட்டும், மரத்தடியில் இன்னும் மோசம். குறைந்தது 30 மீட்டருக்கு 30 மீட்டர் ஒரே மாதிரி இருக்கும் திட்டின் நடுவில் நின்று குறியுங்கள். நான்கு திசையிலும் படம் எடுத்து வையுங்கள். பிறகு வீட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது அதுதான் கைகொடுக்கும்.

அப்புறம், ஊரில் பேசுங்கள். மடை திறந்து தண்ணீர் பாய்ச்சிய பெரியவர்களிடம் ‘கலுங்கு கடைசியாக எந்த வருடம் பாய்ந்தது?’ என்று கேளுங்கள். ‘மகள் கல்யாணத்துக்கு முந்தின வருசம்’ என்பார்கள். அதை வைத்து வருடத்தைப் பிடித்துப் படத்தைத் திறந்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆடு மேய்க்கிற அம்மாவுக்கு எந்த மூலையில் எந்த மாதம் புல் கிடைக்கும் என்று தெரியும். கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று இருக்கும். இந்த மூன்றும் சேர்ந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

என் வரைபடத்தின் துல்லியம் 85 சதவீதம். நல்லதுதானே?

எதில் 85 என்று பாருங்கள். நூறு களப் புள்ளிகளில் 85 சரி என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரும் வயலும் சுலபம், அவை எல்லாம் சரியாக வந்திருக்கும். சீமைக்கருவேலத்துக்கு 20 புள்ளி எடுத்து அதில் 11தான் சரி என்றால், நீங்கள் யாருக்காக வரைபடம் போட்டீர்களோ அந்த வகையில் துல்லியம் 55 சதவீதம். மொத்தத்தைச் சொல்லி இதை மறைக்கக் கூடாது. ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக அட்டவணை போடுங்கள்.

மாற்றத்தைக் கணக்கிடும்போது பிழை பெருகும். முதல் வரைபடம் 85, இரண்டாவதும் 85 என்றால், இரண்டும் ஒரே இடத்தில் சரியாக இருக்கும் வாய்ப்பு 0.85 பெருக்கல் 0.85, அதாவது 72 சதவீதம். நூற்றில் 28 இடத்தில் நடக்காத மாற்றம் நடந்ததாகவோ, நடந்த மாற்றம் தெரியாமலோ போகலாம். 10 சதவீத மாற்றத்தை இப்படிப்பட்ட இரண்டு வரைபடங்களைக் கழித்துக் கண்டுபிடித்தேன் என்பது பொருந்தாது. மாறியதாகத் தெரியும் இடங்களை மட்டும் எடுத்து, அவற்றில் குறைந்தது ஐம்பது புள்ளிகளைப் பழைய படத்திலும் புதிய படத்திலும் கண்ணால் சரிபார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

எங்கள் ஊர் ஊருணியையும் இப்படி வரைய முடியுமா?

வரையலாம், ஆனால் கையால். அகமதாபாத்தில் உள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையம் 2011இல் வெளியிட்ட தேசிய ஈரநில அட்லஸ் 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட நீர்நிலைகளைத்தான் உருவத்தோடு வரைந்தது. அதற்குச் சிறியவை வெறும் புள்ளிகள். செட்டிநாட்டு ஊருணிகளில் பெரும்பாலானவை அந்தப் புள்ளிக்குள் போய்விடும். படிக்கட்டும் வரத்துக் காலும் தெரிகிற அளவுக்குக் கூகுள் எர்த்தின் கூர்மையான படத்தில் உருப்பெருக்கி, எல்லையைக் கையால் வரைவதே சரியான வழி. ஒரு ஊருக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

ஆக்கிரமிப்புப் புகாருக்கு இந்த வரைபடம் ஆதாரமாகுமா?

தனியாக ஆகாது. எல்லை எது என்பதைக் கிராம வரைபடம், புலப்படம், அ-பதிவேடு ஆகிய வருவாய்த் துறை நில ஆவணங்கள்தான் சொல்ல வேண்டும். அவற்றில் ‘கண்மாய்’ என்று இருக்கும் புலத்தில் எந்த ஆண்டிலிருந்து பயிரோ கட்டடமோ தெரிகிறது என்று தேதியோடு காட்டுவதற்குச் செயற்கைக்கோள் படம் நல்ல துணை.

மென்பொருளுக்கு எவ்வளவு செலவாகும்?

எதுவுமில்லை. வரைபடம் போடும் கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம். கூகுள் எர்த் எஞ்சின் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் இலவசம். களத்தில் குறிக்கக் கியூஃபீல்டு செயலி போதும். சாதாரண மடிக்கணினியில் வேலை நடக்கும்.

ஒருமுறை வரைந்து கொடுத்துவிட்டால் போதுமா?

ஒரு வரைபடம் ஒரு நாளைக் காட்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு வருடமும் ஜனவரிக்கு ஒன்று, மே மாதத்துக்கு ஒன்று என்று போட்டுக்கொண்டே வாருங்கள். வகைகளையும் நிறங்களையும் மாற்றாதீர்கள், களப் புள்ளிகளையும் அதே இடத்தில் வைத்திருங்கள். படிப்பை முடித்துப் போகும் மாணவர் அடுத்த வருட மாணவரிடம் கோப்பையும் புள்ளிப் பட்டியலையும் ஒப்படைத்துவிட்டுப் போகட்டும். ஒவ்வொரு வரைபடத்தின் மூலையிலும் படத்தின் தேதி, செயற்கைக்கோளின் பெயர், அந்த வருடப் பருவமழை அளவு மூன்றையும் எழுதுங்கள். ஒரு பிரதியை வனச்சரக அலுவலகத்துக்குக் கொடுங்கள். இன்னொன்றைத் தமிழில், பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொள்ளுக்குடிப்பட்டியில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். எங்கே தவறாக வரைந்திருக்கிறீர்கள் என்று முதலில் சொல்லப்போவது அவர்கள்தான். அந்தத் திருத்தத்தை அடுத்த வரைபடத்தில் சேருங்கள்.